வார்டுக்கு ஒரு நிறம்

ஜனவரி 11

அன்புள்ள சித்திக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சௌக்கியம். உனக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் ஜன்னல் பக்கம் கிடைத்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். தூங்குகிறாயா என்று நான் கேட்கிறேன்.

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே உனக்கு இருமல் பிடித்துக்கொள்கிறது. டாக்டரும் பேசவே கூடாது என்று உன் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார். மெசேஜ் அனுப்பினால் "ம்", "சரி" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். பேனாவைப் பிடித்தால் நீ நிறுத்த மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

தையல் கம்பெனியை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். கேட்டில் பெரிய பூட்டு. சங்கதி தெரியாமல் அன்றைக்கும் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றவர்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். ஆளுக்கொரு ஊருக்குப் போய் வேலை தேட வேண்டியதுதான் என்று எல்லோரும் கலைந்தார்கள். நாங்கள் ஆறு பேர் மட்டும் டீக்கடையில் உட்கார்ந்தோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் லாண்டரியின் பாய்லரை நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற வாரம் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஓடும்" என்று சொன்னாயே, அந்த ஒரு வார்த்தையை நம்பி அந்த இடத்தையே வாடகைக்கு எடுத்துவிட்டோம். நம் நெட்டையன் ஏணி வாஷிங் மெஷினைப் பார்த்துக்கொள்கிறான். வாயாடி ரேடியோ இஸ்திரி போடுகிறாள். வாய் ஓய்ந்தால் கை ஓடுவதில்லை அவளுக்கு. நான் வாடிக்கையாளர் தேடித் தெருத்தெருவாக அலைகிறேன்.

நீ வந்தால் ஏழு பேர். சீக்கிரம் வா.

உன்னைவிட நான்கு மாதம் மூத்தவளாக இருந்தும் உன்னைச் சித்தி என்று கூப்பிடும் பாவி,
உன் அக்கா மகள்


ஜனவரி 26

என் அருமை மூத்த மகளுக்கு,

சித்தியின் ஆசிகள். வயதில் இளையவள் ஆசி சொன்னால் பலிக்காது என்று முகத்தைச் சுளிக்காதே. உறவு உறவுதான்.

ஜன்னல் பக்கக் கட்டில்தான். நீளமான ஹால், இரண்டு வரிசைக் கட்டில்கள். குளிரோ வெயிலோ எல்லா ஜன்னலும் திறந்தே இருக்கும். நுரையீரல் நோய்க்குக் காற்றுதான் இங்கே பாதி மருந்து. பக்கத்துக் கட்டிலில் ஒரு கணக்கு டீச்சர். அவரும் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது. ஆளுக்கொரு சிலேட்டு வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம். நேற்று என் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுத்தான் பதில் எழுதினார்.

பாய்லர் விஷயம். காலையில் முதலில் அடிக் குழாயைத் திறந்து கசடுத் தண்ணீரை வெளியேற்று. பிறகுதான் அடுப்பு. அது முனகினால் பயப்படாதே, முனகுவது அதன் குணம். சத்தமே இல்லாவிட்டால் உடனே அணை. கம்பெனியில் இஸ்திரிப் பகுதி பாய்லரை நான்கு வருடம் கட்டி மேய்த்தவள் சொல்கிறேன், கேள்.

அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வை. அது என் இடம். ஏணி அதில் உட்கார்ந்தால் காலை உடைப்பேன் என்று சொல். மே மாதத்துக்குள் வந்துவிடுவேன்.

அக்காவிடம் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். பாதி உண்மை.

உன் சித்தி


பிப்ரவரி 20

அன்புள்ள சித்திக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லோருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவை நமக்குக் கிடைத்துவிட்டது!

அங்கே எல்லாவற்றுக்கும் பெரிய சிஸ்டர்தான். தலைமை நர்ஸ். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம். "மூணு மாசம் பாப்பேன். சரியா இருந்தா வருஷத்துக்கு எழுதித் தர்றேன். இல்லேன்னா வேற ஆளுதான்" என்றார். இந்த வேலை நிலைத்தால் நாங்கள் ஆறு பேரும் இந்த ஊரிலேயே இருக்கலாம். இல்லையென்றால் கடையை மூடிவிட்டு ஆளுக்கொரு திசைதான். வெறும் சட்டை பேண்ட் துவைத்து ஆறு வயிறு நிறையாது.

முதல் லோடு நேற்று வந்தது. மலை மாதிரி பெட்ஷீட். பழைய லாண்டரிக்காரன் என்னதான் செய்தானோ, ஒவ்வொரு பெட்ஷீட்டின் மூலையிலும் மங்கலாகக் கறுப்பு மைக் கறை. ஏணி விடவில்லை. கறை நீக்கும் மருந்தை வைத்து ஒவ்வொரு மூலையாகத் தேய்த்தான். நாங்களும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துப் பார்த்து எடுத்தோம். இப்போது ஒரு பொட்டுக் கறை கிடையாது. பாலில் முக்கி எடுத்தது போல இருக்கிறது. பெரிய சிஸ்டர் சிரிக்காமல் எப்படிப் போகிறார் பார்ப்போம். நாளைக்குக் கொண்டுபோகிறோம்.

உன் ஸ்டூலைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா மகள்


பிப்ரவரி 27

அடியே,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. உன் கடிதம் இப்போதுதான் வந்தது. பாதி படிக்கும்போதே கடிதத்தைக் கீழே வைத்தேன். என் பெட்ஷீட்டின் மூலையைப் பிடித்துப் பார்த்தேன். இங்கேயும் கறுப்பு மை இருக்கிறது. அது கறையில்லை. எந்த வார்டுத் துணி என்பதற்கான அடையாளம்! குழந்தைகள் வார்டு, ஆபரேஷன் வார்டு, தொற்று நோய் வார்டு எல்லாவற்றுக்கும் துணி தனித்தனி. அதை எடுத்துவிட்டால் எது எங்கே போகும் என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இது உன் கைக்கு வருவதற்குள் நீ கொண்டுபோய்க் கொடுத்திருப்பாய். தெரிந்தும் எழுதுகிறேன். என்ன ஆயிற்று என்று உடனே எழுது. டீச்சரிடம் சிலேட்டில் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், இருமல் வந்து நர்ஸிடம் திட்டும் வாங்கினார்.

உன் சித்தி


மார்ச் 16

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதம், வேலை அப்படி.

இங்கே எல்லாம் நன்றாகப் போகிறது. லாண்டரிக்கு வெள்ளையடித்தோம். ஏணிக்கு ஏணியே தேவைப்படவில்லை, அப்படியே நின்று கூரையைத் தொட்டான். கதவுக்கு நீல பெயிண்ட். ரேடியோ பலகையில் பெயர் எழுதியிருக்கிறாள். முன்பக்கக் கண்ணாடியையும் புதிதாக மாற்றினோம். மத்தியானங்களில் கேரம் ஆடுகிறோம், நான்தான் ஜெயிக்கிறேன். தெருவில் எல்லோரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அப்பாவுக்கு முதுகுவலி தேவலை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். எதற்கும் கவலைப்படாதே.

உன் அக்கா மகள்


மார்ச் 25

என் மகளுக்கு,

இங்கே நான் இருக்கிறேன். காய்ச்சல் மாலையில் வரும், காலையில் போகும்.

ஆஸ்பத்திரித் துணி மலை மாதிரி வந்துகொண்டிருந்தால் வெள்ளையடிக்க நேரம் ஏது? கேரம் ஆட நேரம் ஏது? மூலைக் கறையைப் பற்றி இரண்டு பக்கம் கத்தியிருந்தேன், அதற்கு ஒரு வரி பதில் இல்லை. பொய் சொல்ல உனக்கு வராது, விட்டுவிடு. பெரிய சிஸ்டர் வேலையை நிறுத்திவிட்டார், அப்படித்தானே?

நிறுத்தட்டும். நீங்கள் ஆறு பேரும் யார்? தையல் கம்பெனியில் கை தேய்ந்தவர்கள். மை போய்விட்டது என்று கேரம் ஆடிக்கொண்டிருக்கிறீர்களே, மெஷினில் நூல் இல்லையா? வார்டுக்கு ஒரு நிறம் வைத்து மூலையில் தைத்துக் கொடுங்கள். சிவப்பு என்றால் தொற்று நோய் வார்டு, மஞ்சள் என்றால் குழந்தைகள். கொதிநீரில் போட்டாலும் சாயம் போகாத நூலாகப் பார்த்து எடு. மையை யாரும் கறை என்று நினைக்கலாம், சிவப்பு நூலை யாரும் கறை என்று நினைக்க மாட்டார்கள், ஏணிகூட.

ஒரு விஷயம். தலைப்பக்கம் தைக்காதே. கால்பக்க மூலையில் தை. படுத்தே கிடப்பவளுக்குக் கன்னத்தில் ஒரு முடிச்சு உரசினால்கூட ராத்திரி முழுவதும் அதுவே நினைப்பாக இருக்கும். இது எந்தக் கம்பெனியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

அடுத்த வாரம் இங்கே சில பரிசோதனைகள். கடிதம் கொஞ்சம் தாமதமானால் பதறாதே.

உன் சித்தி


ஏப்ரல் 9

அன்புள்ள சித்திக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஆமாம். அன்றைக்குப் பெரிய சிஸ்டர் ஒரு பெட்ஷீட்டைப் பிரித்தார், இன்னொன்றைப் பிரித்தார், மூலைகளைத் தேடினார். நாங்கள் பாராட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றோம். "அடையாளம் எங்க?" என்றார். ஏணி பெருமையாக, "எல்லாத்தையும் எடுத்துட்டோம் சிஸ்டர், ஒண்ணுகூட விடல" என்றான். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். "போங்க" என்று ஒரே வார்த்தை. படுத்துக் கிடப்பவளிடம் இதை எப்படிச் சொல்வது? நாங்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல்தான் சுவரைப் பார்த்து வெள்ளையடித்தோம். இருவர் வெளியூருக்குப் பெட்டி கட்டிவிட்டார்கள்.

உன் கடிதத்தைக் கேட்டதும் அந்த இருவரும் பெட்டியை அவிழ்த்தார்கள். வீட்டுத் தையல் மெஷினை எல்லாம் லாண்டரிக்குத் தூக்கி வந்தோம். மாதிரிக்கு ஐந்து பெட்ஷீட், ஐந்து நிறம். பெரிய சிஸ்டர் முதலில் உள்ளேயே விடவில்லை. வராந்தாவில் நின்றபடியே, "கால்பக்கம் ஏன்?" என்று கேட்டார். நீ எழுதியதை அப்படியே சொன்னேன். "யாரு சொன்னது?" என்றார். "எங்க சித்தி. அவங்களும் ஒரு ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க" என்றேன். "எல்லாத்தையும் தைச்சுக் குடுங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

தைத்துக்கொண்டிருக்கிறோம் சித்தி. விரலெல்லாம் ஊசிக் குத்து. பரிசோதனை என்ன ஆயிற்று? எழுது.

உன் அக்கா மகள்


ஜூன் 2

மகளுக்கு,

நலம். உன் கடிதமும் அதற்குப் பிறகு நீ அனுப்பிய இரண்டு கார்டுகளும் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. கையில் ஊசி குத்தி வைத்திருந்தார்கள், அதுதான் எழுத்து கோணல். டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டார், சிலேட்டை எனக்குக் கொடுத்துவிட்டு.

ஆஸ்பத்திரி வேலை திரும்பக் கிடைத்தது என்று கார்டில் எழுதியிருந்தாயே, ரொம்ப சந்தோஷம். பாய்லரை இத்தனை நாள் பார்த்துக்கொண்டவர்களே தொடர்ந்து பார்க்கட்டும். எனக்காக எதையும் காலியாக வைக்க வேண்டாம். இடம் சின்னது.

அக்கா இங்கே வர வேண்டாம் என்று சொல். வழி தூரம்.

உன் சித்தி


ஜூன் 13

மதிப்பிற்குரிய சித்தி அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இல்லை என்பதை நேற்று அம்மா மூலம் தெரிந்துகொண்டேன். வர வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே அம்மா பஸ் ஏறிவிட்டாள். அக்கா இல்லையா? உங்கள் முதுகில் தையலைப் பார்த்துவிட்டு வந்து இன்னும் சாப்பிடவில்லை.

ஆபரேஷனுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக்கொண்டீர்களாம். நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்திருக்கிறார்களாம். கணக்கு டீச்சர்தான் வாசலில் காத்திருந்தாராம். நாங்கள் செத்தா போய்விட்டோம்? அதே நேரத்தில் நான் இங்கே நூல் நிறம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என்னை வெள்ளையடித்ததற்குத் திட்டினீர்களே, நீங்கள் அடித்த வெள்ளை எவ்வளவு?

கோபம் தீரும்வரை நீங்கள்தான். எழுத எழுத அழுகை வருகிறது, ஆகவே இனி நீ.

ஆவி, பஞ்சுத் தூசி, சூடு எதுவும் இனி உனக்கு ஆகாது, லாண்டரிக்குள் வரவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அதுதானே நீ சொல்லாமல் விட்டது? அதற்குத்தானே இடம் சின்னது என்று எழுதினாய்? வராவிட்டால் போகட்டும். ஆஸ்பத்திரியில் துணி அறை என்று ஒன்று இருக்கிறது. தரைத்தளம், இரண்டு பக்கமும் ஜன்னல். அழுக்குத் துணி அங்கே வராது, அது பின்வாசல் வழி. துவைத்த துணியை நிறம் பார்த்து அடுக்கி வார்டுக்கு அனுப்ப ஒரு ஆள் எங்கள் தரப்பில் இருக்க வேண்டும் என்று பெரிய சிஸ்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் நீ.

சாப்பிடு. முதலில் சாப்பிடு.

உன் அக்கா மகள்


ஜூன் 22

மகளுக்கு,

திட்டியதற்கு நன்றி. இங்கே எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். உன் கடிதம் ஒன்றுதான் சத்தமாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். ஆபரேஷனுக்குப் பயப்படவில்லை. அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதற்குத்தான் உடைந்துபோனேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை பாய்லர். இருபத்தாறு வயதில் அது இனி இல்லை என்றால் நான் யார்? மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்கிறேன். அதை உனக்கு எழுதக் கை வரவில்லை.

துணி அறை வேண்டாம். நாற்காலியில் உட்கார வைத்து, பாவம் என்று கூலி கொடுக்க நான் என்ன கொலுவில் வைத்த பொம்மையா? ஆறு பேர் கஷ்டப்பட்டு நிமிர்த்திய கடைக்கு ஏழாவதாக ஒரு பாரம் தேவையில்லை. கோபப்படாதே.

உன் சித்தி


ஜூலை 5

அன்புள்ள சித்திக்கு,

இங்கே அனைவரும் நலம், பெரிய சிஸ்டரைத் தவிர. அவர் எங்களால் நொந்துபோயிருக்கிறார்.

பாவம் பார்ப்பதாக நினைக்கிறாயே, நடந்ததைக் கேள். துணி அறைக்கு முதலில் ரேடியோவைத்தான் அனுப்பினோம். அவள் வார்டு வார்டாகப் போய்க் கதை பேசி, ஆபரேஷன் முடிந்து தூங்கியவரை எழுப்பி அவருடைய மாமியார் கதையைக் கேட்டிருக்கிறாள். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்து ஏணி. மேல் அலமாரியில் தலை இடித்தது போகட்டும், பச்சை எது நீலம் எது என்று அவனுக்குத் தெரியாது என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருடம் தையல் கம்பெனியில் எப்படி ஓட்டினான் என்று கேட்டால், பக்கத்து மெஷின்காரியைப் பார்த்துத்தான் என்கிறான்!

நேற்றுப் பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "இன்னும் எத்தன பேர அனுப்பிப் பாப்ப? கால்பக்கம் தைக்கச் சொன்னாங்களே ஒருத்தங்க, அவங்க எங்க?" என்று கேட்டார். உடம்பு நிலையைச் சொன்னேன். மூச்சு வாங்கும் என்றேன். "வாங்கட்டும். நோயாளிங்க நடுவுல ஓடுற ஆள் எனக்கு வேணாம்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போய் உன் டாக்டருக்கு அவரே போன் செய்து, அந்த அறை உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று விசாரித்தார். ஒத்துக்கொள்ளுமாம்.

வருட ஒப்பந்தம் அவர் மேஜையில் கையெழுத்தாகாமல் கிடக்கிறது. துணி அறைக்கு ஆள் வந்த பிறகுதான் கையெழுத்தாம். உன்னால் எங்களுக்குப் பாரமா, உன்னை நம்பி நாங்கள் ஆறு பேரா, நீயே சொல். வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் பாவம் என்ற வார்த்தையை இனி எழுதாதே.

உன் அக்கா மகள்


ஆகஸ்ட் 19
துணி அறை

மகளுக்கு,

சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று தெரியும், காலையில்தான் துணி வண்டியில் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி லாண்டரியில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்பாய். வீட்டில் சொல்லலாம் என்றால் அக்கா அழுவாள், ரேடியோ காதில் விழுந்தால் ஊருக்கே பரவிவிடும். அதனால் காலிப் பைகளோடு டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதல் வாரம் மூன்று முறை ஓடிப்போக நினைத்தேன். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நீள வராந்தாவில் போகும்போது நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் பார்ப்பது போல ஒரு கூச்சம். நேற்றுப் பெரிய சிஸ்டர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வராந்தாவின் நடுவில் போட்டுவிட்டுப் போனார். இன்றைக்குப் பார்த்தால் அதில் வேறொரு நோயாளி உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். காத்திருந்து உட்கார்ந்தேன்.

இன்று காலை பெண்கள் வார்டில் ஒரு புதுப் பெண். நம் வயதுதான் இருக்கும். அச்சகத்தில் வேலையாம், மெஷினில் கால் மாட்டிக்கொண்டதாம், இரண்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நர்ஸ் கூப்பிட்டும் திரும்பவில்லை. பெட்ஷீட் மாற்ற நான் கைகொடுக்கப் போனேன்.

அவள் சுவரைப் பார்த்தபடியே, "இங்க வந்தவங்க யாராவது பழையபடி ஆகுறாங்களாக்கா?" என்று கேட்டாள்.

நல்ல பொய்கள் நிறைய வாயில் வந்தன. நமக்குப் பழக்கம்தானே. ஒன்றையும் சொல்லவில்லை. "பழையபடி ஆகல. நானும் படுத்துக் கிடந்தவதான். எனக்கு நுரையீரல்ல ஒரு பகுதியக் காணோம்" என்றேன்.

அப்போதுதான் திரும்பினாள். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். தள்ளுவண்டியைப் பார்த்தாள். "அப்ப இது எல்லாத்தையும் நீங்களா தள்ளிட்டு வந்தீங்க?" என்றாள்.

"நின்னு நின்னு" என்றேன்.

பிறகு இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, நான் பெட்ஷீட்டை விரிப்பதற்காக அவளாகவே உடம்பைத் தூக்கிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மறுபடி அந்த வார்டுக்குப் போவேன்.

உன் சித்தி